இருபத்தேழாம் நம்பர் பை

"போனைக் குடுங்கண்ணே. குடுத்தாத்தான் உள்ளே விட முடியும்."

ஹால் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ரிசப்ஷனிஸ்ட், நீட்டிய கையை மடக்கவே இல்லை. எதிரே குடோன் பொறுப்பாளர் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

கம்பெனியின் ஆண்டுக் கூட்டம். முதலாளி மூன்று மணி நேரம் பேசப் போகிறார். யாருக்கும் கவனம் சிதறக் கூடாது, அதனால் எல்லோருடைய போனும் நம்பர் ஒட்டிய பிளாஸ்டிக் பைக்குள் போய்விட வேண்டும், யார் கெஞ்சினாலும் நடுவில் தரக் கூடாது என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார். பத்து வருஷத்தில் அவளை நம்பி அவர் ஒப்படைத்த முதல் பொறுப்பு. அவளும் காலையிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

குடோன்காரர் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"பதினோரு மணிக்கு எனக்கு ஒரு போன் வரும்மா. வேற கம்பெனி. எடுத்து 'வர்றேன்'னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வேலை எனக்குத்தான். எடுக்கலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க."

இங்கே அப்படி என்ன குறைச்சல் என்று அவள் கேட்டாள்.

"சரக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. வெளியில பார்த்தாத் தெரியாதும்மா, குடோன்ல நின்னு பார்த்தாத்தான் தெரியும். இந்த வயசுல இன்னொரு தடவை என்னை யாரு கூப்பிடப் போறா?"

அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. நாற்காலிக்கெல்லாம் வெள்ளைத் துணி சுற்றி, மதியச் சாப்பாட்டுக்கும் சொல்லி வைத்திருக்கிற முதலாளியா நொடித்துப் போவார்? இருபது வருஷம் இவரிடம் சம்பளம் வாங்கிவிட்டு, கூட்டத்தன்றே வேறு இடத்தில் துண்டு போட்டு வைக்கிறாரே இந்த மனுஷன். மனசுக்குள் திட்டிக்கொண்டே போனை வாங்கி இருபத்தேழாம் நம்பர் பையில் போட்டாள்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, பாத்ரூம் போகிற சாக்கில் அவர் வெளியே வந்தார்.

"ஒரே நிமிஷம்மா. இங்கயே, உன் முன்னாடியே பேசிட்டுத் தந்துடறேன்."

"மேனேஜர் பார்த்தா என் வேலை போயிடும்ணே. போய் உட்காருங்க."

கொஞ்ச நேரம் அவர் அந்தப் பையையே பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

சொல்லி வைத்த மாதிரி பதினோரு மணிக்கு இருபத்தேழாம் பை அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. மூன்றாவது தடவை அடித்தபோது அவள் பாதி எழுந்தே விட்டாள். உள்ளே கைதட்டல் கேட்டதும் உட்கார்ந்துகொண்டாள்.

பைக்குள் திரை வெளிச்சமானது. உங்களைப் பிடிக்க முடியவில்லை, வேறு ஒருவரைத் தேர்வு செய்துவிட்டோம், நன்றி என்று இருந்தது.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சட்டம் என்றால் எல்லோருக்கும் ஒன்றுதானே. தவிர, ஒரு நல்ல வேலைக்காரர் கம்பெனியை விட்டுப் போகாமல் தன்னால்தான் நின்றார் என்பதில் ஒரு அற்ப சந்தோஷமும் அவளுக்கு இருந்தது.

பன்னிரண்டரை மணிக்கு மேசையில் இருந்த அத்தனை பைகளும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. அவள் பதறிப்போய்ப் பார்த்தாள். எல்லாத் திரையிலும் ஒரே வரி. 'அன்புள்ள ஊழியருக்கு, இத்தனை ஆண்டுகால உழைப்புக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.' அதற்கு மேல் பையைத் திறந்தால்தான் படிக்க முடியும்.

இந்தப் பேச்சுக்கு நடுவிலும் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்ல முதலாளிக்குத் தோன்றியிருக்கிறதே என்று அவள் நெகிழ்ந்துபோனாள். உள்ளே மறுபடியும் பலத்த கைதட்டல்.

கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் வந்தார். அவர் கையில் மட்டும் போன் இருந்தது.

"ஆபீஸ், குடோன் எல்லாத்துக்கும் பூட்டு மாத்தியாச்சாம். இப்பத்தான் சொன்னாங்க. நல்ல வேளை, போன் மட்டும் இவங்க கையில இருந்திருந்தா விஷயம் பரவி அங்கே போய் நின்னிருப்பாங்க."

"என்ன விஷயம் சார்?"

"கம்பெனியை இன்னியோட மூடறோம். எல்லாருக்கும் மெசேஜ் போயாச்சு."

அவள் மேசையைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தேழாம் பையை எந்த முகத்தோடு எடுத்து நீட்டுவாள்? உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. கதவருகில் முதல் ஆளாக வந்துகொண்டிருந்தவர் குடோன்காரர்தான்.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

"பையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. போனை எடுத்துக் குடுத்துட்டு, அதே பையில அவங்கவங்க ஐடி கார்டை வாங்கிப் போட்டுக்கங்க. உங்க கார்டைக் கடைசியாப் போட்டாப் போதும்."