பதினைந்து வருடத் தாமதம்

குடியுரிமைத் தேர்வின் இருபது கேள்விகளுக்கும் சியெனி சரியாகப் பதில் எழுதியிருந்தாள். நேர்காணல் அதிகாரி கிரெய்க்குக்கு ஒரே சந்தோஷம்.

"அசத்திட்டீங்கம்மா! சமோவாவுலேருந்து சிட்னிக்கு வந்து பதினஞ்சு வருஷமாச்சு. இத்தனை நாள் ஏன் விண்ணப்பிக்கல?"

"தேவைப்படல. வீடு இருந்துச்சு, வேலை இருந்துச்சு."

"என் மாமியாரைவிட நீங்க சுறுசுறுப்பு. அவங்க முப்பது வருஷம் யோசிச்சாங்க!" என்று சிரித்தார்.

சியெனி சிரிக்கவில்லை.

"பொண்ணு இலிசாவையும் இதுலயே சேர்த்திருக்கீங்களே?"

"பதினாறு வயசாகறதுக்குள்ளன்னா அம்மாவோட விண்ணப்பத்துலயே சேர்த்துடலாம்னாங்க."

"நல்ல காரியம். வேற பிள்ளைங்க?"

"மூத்தவன் செமிசி. வந்தப்ப நாலு வயசு."

"அப்ப இப்போ பத்தொம்போது. அவனையும் விண்ணப்பிக்கச் சொல்லுங்க, சீக்கிரம் கிடைச்சிடும்."

"குடிச்சிட்டு ஒருத்தனை அடிச்சான். ஒரு வருஷம் ஜெயில். தண்டனை முடிஞ்சதும், இந்த நாட்டுக் குடிமகன் இல்லைன்னு போன மாசம் சமோவாவுக்கு விமானம் ஏத்திட்டாங்க. அங்க அவனுக்கு ஒருத்தரையும் தெரியாது. இனிமே இங்க வரவே முடியாதாம்."

அவள் குரல் முகவரி சொல்வதுபோல இருந்தது.

கிரெய்க் திரையைப் பார்த்தார்.

"இலிசாவுக்காக எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டாள் சியெனி.