தாலியில் ஊக்கு

சாவி, கைக்கடிகாரம், கைபேசி எல்லாவற்றையும் வெளியே மேசைமேல் வைத்துவிட்டுத்தான் வாசுகி ஆய்வகத்தின் பெரிய காந்தத்தை நெருங்கினாள். சோதிக்க வேண்டிய திரவம் அடைத்த கண்ணாடிக் குழாயை உள்ளே இறக்கக் குனிந்ததும் தாலிக்கொடி மார்பைவிட்டு எழும்பிக் காந்தத்தை நோக்கி விறைத்து நின்றது.

“மேடம், தாலியில ஊக்கு!” என்று அலறினார் கருவியைப் பார்த்துக்கொள்ளும் எபநேசர்.

ஊக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு வந்து குழாயை இறக்கினாள். காந்தத்துக்குப் பணிந்து நின்ற அணுக்கருக்களை ரேடியோ அலை ஒரு தட்டுத் தட்டிச் சாய்த்தது. பழைய நிலைக்குத் திரும்பும்போது அவை எழுப்பும் முனகல்தான் திரையில் கோடாக வரும்.

வெளியே கைபேசி அடித்தது. அவள் வீட்டைவிட்டு வந்த நாளிலிருந்து கணவன் விடாமல் கூப்பிடுகிறான்.

“இதுங்க திரும்பாமலே இருந்துட்டா?” என்று திரையைப் பார்த்தபடி கேட்டாள்.

“அதெப்படி மேடம்? நேரமாகும், ஆனா திரும்பிரும்.”

கைபேசி ஓயவில்லை. வாசுகி மறுபடியும் காந்தத்தின்மேல் குனிந்தாள். ஊக்கில்லாத தாலி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை.