திறப்பதற்கு முன்

தொட்டியின் விளிம்புக்கு இன்னும் ஒரு சாண்தான் இருந்தது.

அவள் உள்ளே அளவுக் கம்பியை விட்டுப் பார்த்தாள். பத்து நிமிஷத்தில் இரண்டு விரல் அளவு ஏறியிருந்தது.

காற்று ஊதும் மோட்டார் காலையிலேயே கருகிவிட்டது. அது ஓடாவிட்டால் பிளாண்டில் சாக்கடை சுத்தமாகாது, சாக்கடையாகவே கிடக்கும். மலையில் சீசன். லாட்ஜுகளில் இடமில்லை. அத்தனை குளியலறையும் அத்தனை கக்கூஸும் இந்த ஒரு தொட்டிக்குத்தான் வந்து சேர்ந்தன.

மேனேஜர் சகாயராஜ் போனில் சத்தம் போடவில்லை. வழக்கம்போல் நிதானமாகத்தான் பேசினார். பக்கத்து வால்வை ஒரு மணி நேரம் ஓடைக்குத் திறந்துவிடச் சொன்னார். ஓடையில் போனால் யாருக்கும் தெரியாது, தொட்டி வழிந்து பஸ் ஸ்டாண்டுக்குள் போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்றார்.

இதற்கு முன் மூன்று தடவை திறந்திருக்கிறாள்.

மூன்று தடவையும் சொன்னது அவர். வால்வுச் சக்கரத்தைச் சுற்றியது அவள் கை.

கடைசித் தடவைக்குப் பிறகு, பிரஷர் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். வராந்தாவில் வரிசையாகப் பாய் விரித்திருந்தார்கள். ஒவ்வொரு பாய்க்கு மேலேயும் ஒரு குளுக்கோஸ் பாட்டில். எல்லோரும் ஓடைக்குக் கீழே குடியிருப்பவர்கள். வயிற்றுப்போக்கு என்றார்கள். ஒருத்தி படுத்த வாக்கிலேயே காலை மடக்கிக்கொண்டு, இவள் உட்கார இடம் விட்டாள்.

உட்காரவில்லை. மாத்திரையும் வாங்காமல் வந்துவிட்டாள்.

இப்போது சக்கரத்தில் கை வைத்தாள்.

எடுத்தாள்.

தொட்டி இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும். ஓடைக்கு இறங்கக் கால் மணி, திரும்பி ஏற அரை மணி. போனை மேஜையிலேயே வைத்துவிட்டுக் குறுக்குப் பாதையில் இறங்கினாள். காப்பிச் செடிகளுக்கு நடுவே மண் வழுக்கியது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஓடையில் ஆறேழு பெண்கள் குடம் அமிழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

மேலே பிளாண்டில் வேலை பார்ப்பவள் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். இன்னும் சற்று நேரத்தில் சாக்கடைத் தண்ணீரை இதில் விடப்போகிறோம், இருக்கிற பாத்திரத்தில் எல்லாம் இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள், நாளை சாயங்காலம் வரை இதைத் தொடவேண்டாம் என்றாள்.

வைவார்கள் என்று நினைத்திருந்தாள். யாரும் வையவில்லை. ஒருத்தி வீடுகளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். வாளிகளும் அண்டாக்களும் வந்தன.

அதுவரை பேசாமல் நின்றிருந்த ஒருத்தி கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி தொறந்திருக்கியா, தாயி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"மூணு தடவை."

"கடைசியா எப்ப?"

"ஆயுதபூஜை லீவுல."

தண்ணீர் மொள்ளும் சத்தம் நின்றது.

பக்கத்தில் இருந்தவள் இவள் காதோரமாக, அது செவனம்மா என்றாள். ஆயுதபூஜை முடிந்த வாரம்தான் வயிற்றாலே போய் அவள் மகள் செத்தாள் என்றாள். ஏழு வயசு.

செவனம்மா இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லீவுல எந்த நாளு?"

"ரெண்டாம் நாள். காலைல."

செவனம்மாவின் கட்டைவிரல் நாள் எண்ணி விரல்கணுக்களில் நகர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது கணுவில் நின்றது. அங்கேயே அழுத்திக்கொண்டு நின்றது.



பிறகு செவனம்மா குனிந்து குடத்தை நிரப்பினாள். இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"நாங்க பிடிச்சுட்டோம். போய்த் தொற."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

அண்டாக்கள் ஒவ்வொன்றாகப் போயின. கரையில் யாரும் இல்லை.

இவள் ஓடையில் இறங்கினாள். அவர்கள் குடிக்கும் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளினாள். குடித்தாள். இன்னொரு கை அள்ளிக் குடித்தாள்.

பிறகு வால்வைத் திறக்க ஏறத் தொடங்கினாள்.