முக்கால் பங்கு

ஜன்னலருகே நின்று ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்த லோப்பு பர்ராதாஷை, தெருவில் போன எல்லோரும் பாவம் என்றுதான் நினைத்தார்கள். கோவாவிலிருந்து மிளகோடு வர வேண்டிய 'சாந்தா இரியா' கப்பல் மூன்று மாதமாக வரவில்லை. அதில் முக்கால் பங்கு அவருடைய பணம்.

"வந்துடும் முதலாளி. மாதா கைவிட மாட்டா," என்று கீழேயிருந்து ரொட்டிக்கடைக்காரி குரல் கொடுத்தாள்.

லோப்பு தலையை ஆட்டிவைத்தார். கப்பல் வராது என்பது லிஸ்பன் வியாபாரிகளில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

விடியற்காலையில் ஒரு படகுக்காரன் பின்வாசல் வழியாக வந்திருந்தான். அசோர் தீவுப் பாறையில் மோதிக் கப்பல் இரண்டாகப் பிளந்து கிடந்ததைக் கண்ணால் கண்டானாம், ஒருவரும் பிழைக்கவில்லையாம். மத்தியான மணி அடிக்கும்வரை வாயைத் திறக்காதே என்று அவன் கையில் ஐந்து பொற்காசுகளைத் திணித்து அனுப்பினார் லோப்பு.

கப்பலில் போன நூற்றுப் பத்துப் பேரை நினைக்க அவருக்கு நேரமில்லை. சேதி பரவுவதற்குள் அந்தப் பங்கை யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். தரகர் ஜீலைக் கூப்பிட்டு, வந்த விலைக்கு விற்றுவிட்டு வா என்று விரட்டினார்.

போன ஜீல் வரக் காணோம். லோப்பு உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி ஜன்னலுக்குப் போனார். எந்தப் படகு கரைக்கு வந்தாலும் சேதியோடு வருகிறதோ என்று எட்டிப் பார்த்தார். காலைப் பூசைக்குப் போன மனைவி வியோலாந்தேகூட இன்னும் திரும்பவில்லை. எரிந்து விழக்கூட வீட்டில் ஆளில்லை.

மணியடிக்கச் சற்று முன்னால் மூச்சிரைக்க மாடியேறி வந்தார் ஜீல்.

"என்னய்யா, ஊரைச் சுத்திப் பாத்துட்டு வர்றீரா?"

"ஆள் கெடைச்சாச்சு முதலாளி. எண்ணூறு குருசாதுப் பொன்."

"பேரம் பேசலையா?"

"வாயே தொறக்கலை. கேட்டது அப்படியே கைக்கு வந்துருச்சு. பேரை மட்டும் வெளிய சொல்லக் கூடாதாம்."

வாங்குபவர் பெயருக்கு இடம் விட்டுப் பத்திரம் எழுதுவது வியாபாரிகள் கூடும் ரூவா நோவா தெருவில் வழக்கம்தான். பத்திரம் யார் கையில் இருக்கிறதோ, பங்கு அவருக்கு. லோப்பு ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பணப்பையை அவிழ்த்தார். எல்லாம் பழைய ராஜா காலத்துக் காசு, லாவெண்டர் வாசனை வேறு. எந்தக் கஞ்சன் துணிக்கு நடுவே ஒளித்து வைத்திருந்தானோ என்று அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

ஜீல் பத்திரத்தோடு இறங்கிப் போனார். மணி அடித்தது. லோப்பு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வாங்கினவனை நினைத்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. விசாரிக்காமல் வாங்கினால் அதற்கு நானா பொறுப்பு என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வியோலாந்தே ஒரு தட்டில் வறுத்த மத்தி மீனோடு உள்ளே வந்தாள்.

"இப்பத்தான் உங்க முகத்துல களையே வந்திருக்கு. பங்கை வித்துட்டீங்களாமே?"

"யார் சொன்னது?"

"ஜீல்தான். காலைல கோயில் வாசல்ல பாத்தேன். மனுஷன் ஆள் தேடி அலைஞ்சுட்டிருந்தார்."

"வித்தாச்சு, விடு. அந்தப் பேச்சே வேண்டாம்."

"எப்படி விடறது? மூணு மாசமா நீங்க பொட்டுத் தூக்கம் தூங்கலை. பயந்துபோய் வித்துட்டீங்க. நாளைக்கே கப்பல் வந்து நின்னுச்சுன்னா தலையில அடிச்சுக்கிட்டு அழுவீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?"

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று லோப்பு வாயெடுத்தார். கீழே ஆற்றங்கரைப் பக்கம் யாரோ ஒரு பெண் அலறுவது கேட்டது.

வியோலாந்தே அதைக் கவனிக்கவில்லை. அவர் தோளில் கை வைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

"என் சீதனக் காசைப் போட்டு நான்தாங்க அதை வாங்கியிருக்கேன்."