இளைப்பாறல் என்கிற கல்

பகல் பன்னிரண்டரை மணி. கலைக்கூடத்தின் முற்றத்தில் வெயில் கொதிக்கிறது. கட்டடத்தை வடிவமைத்த மகராசன் கூரையைக் கத்தி மாதிரி சாய்த்துவிட்டிருக்கிறார். அதன் நிழல் ஒரே ஒரு இடத்தில்தான் விழுகிறது. அங்கே பெஞ்சு வடிவத்தில், கறுப்புக் கல்லில் ஒரு சிற்பம். பெயர் 'இளைப்பாறல்'. அதில் உட்காரக் கூடாது என்று போர்டு வைத்து, சுற்றிலும் கயிறு கட்டியிருக்கிறார்கள். முற்றத்தில் உட்கார வேறு எதுவும் கிடையாது. காலையிலிருந்து காவலாளி பதினேழு பேரை எழுப்பிவிட்டான். தான் சாப்பிட்டுவிட்டு வந்து கேமராத் திரையைப் பார்க்கும்போது கல்லில் ஆள் இருந்தால் நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இப்போது ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, கயிற்றைத் தாண்டி, சாவகாசமாக உட்காருகிறாள்.

"ஏம்மா, போர்டு கண்ணுல படலையா? எழுந்திருங்க."

"படுது. இதைச் செஞ்சவளே நான்தான்."

"யார் செஞ்சா என்ன? உட்காரக் கூடாது."

"உட்காரத்தான் செஞ்சேன். கயிறு கட்டினது உங்க ஆளுங்க." காய்ப்பேறிய கையால் பக்கத்தில் தட்டுகிறாள். "நீங்களும் வாங்க. கால் நடுங்குது பாருங்க."

அவனுக்கு முழங்கால் விண்விண் என்று தெறிக்கிறது. கல்லைப் பார்க்கிறான். தூணிலிருக்கும் கேமராவைப் பார்க்கிறான்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும், என் பொழப்புல மண்ணைப் போடாதீங்க."

அவள் உச்சுக்கொட்டிவிட்டு எழுகிறாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து அவன் பக்கத்தில் நிற்கிறாள். இரண்டு பேர் தலையிலும் வெயில் இறங்குகிறது. எதிரே, நிழலில், 'இளைப்பாறல்' காலியாகக் கிடக்கிறது.