ஐந்தாவது அநியாயம்

முதல் அநியாயம், ஊர் டீக்கடையில் சிரட்டையில் டீ. இரண்டாவது, பண்ணைக்காரர் தெருவில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்றது. மூன்றாவது, சைக்கிள் வாங்கிய பிறகும் அந்தத் தெருவில் ஏறி மிதிக்கக் கூடாது என்றது. நான்காவது, இதையெல்லாம் ஏன் என்று கேட்டதற்கு, ஓர் அறுவடை முழுக்க வேலைக்குக் கூப்பிடாமல் பட்டினி போட்டது.

இந்த நான்கையும் வரிசை மாறாமல் நாற்பது வருடம் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தவர் ஐயாசாமி. அடியில் சங்கத்தின் பேர்தான் இருக்கும், அவர் பேர் இருக்காது.

ஐந்தாவதை மட்டும் அவர் அச்சேற்றியதே இல்லை.

அவருக்குப் பேர் வைத்த அன்றைக்கே பண்ணைக்காரர், அதாவது அப்புசாமியின் அப்பா, சொன்னாராம்: "ஐயாவும் சாமியும் ஒரே பேர்லயா? பண்ணையத்தாளைக் கூப்பிட நான் ரெண்டு கும்பிடு போடோணுமா?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் 'சுள்ளான்'. மாடு மேய்க்கையில் கூடவே திரிந்த சின்னப் பையன் அப்புசாமிக்கும் சுள்ளான்தான்.

அந்த அப்புசாமியின் வாயால் தன் பேரை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். எழுபத்தோரு வயதில் ஐயாசாமிக்கு அப்படி ஓர் ஏக்கம்.

மகன் கனடாவில் இருப்பதால் அப்புசாமி கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் ஐயாசாமியும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சங்கத்து அங்கப்பன் விடவில்லை. "ஏனுங்க தலைவரே, இங்கிலீஷ் போர்டுக்குத் தார் பூசின கையில ஏபிசிடியா?"

"எதிரியோட ஆயுதத்தைப் படிக்கறேன், போ."

முதல் நாள் அப்புசாமி பார்த்ததும், "அட, நம்மூரு! வாங்க, இப்படி உக்காருங்க" என்று பக்கத்தில் இடம் கொடுத்தார்.

அறுபது வருடத்தில் 'ங்க' வந்துவிட்டது. பேர் வரவில்லை. மூன்று வாரம் ஆகியும் வரவில்லை.

பதினோரு மணிக்கு ஒரு பெண் டீ கொண்டுவருவாள். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கண்ணாடி டம்ளர்.

"ஏ புள்ளே, சக்கரை கம்மியா" என்பார் ஐயாசாமி. "இந்த ஒரே டம்ளருக்கு நாங்க எத்தனை அடி வாங்கியிருக்கறோம், தெரியுமா?"

"தெரியாதுங்க" என்று சிரித்துவிட்டுப் போவாள்.

அன்றைக்கு டீச்சர் ரித்திகா சொன்னாள்: "முன்னாடி வழக்கமா இருந்துச்சு, இப்ப இல்லைன்னா அதுக்கு யூஸ்டு டு. பக்கத்துல இருக்கறவரை அறிமுகம் பண்ணி ஒரு வாக்கியம் சொல்லுங்க. சார், ஐயா, அண்ணா எதுவும் வேண்டாம். பேர் மட்டும்."

ஐயாசாமி காதைத் தீட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆல்வின் எழுந்தான். "திஸ் இஸ் ஹர்ஷா. ஹி யூஸ்டு டு ஈட் டென் புரோட்டாஸ்."

"எட்டுதான்டா!"

ஹர்ஷா எழுந்தான். "திஸ் இஸ் அப்புசாமி. ஹி யூஸ்டு டு ஹேவ் எ பிக் மீசை."

அப்புசாமி மேலுதட்டைத் தடவியபடி எழுந்தார். "திஸ் இஸ்..."

நின்றுவிட்டார். "திஸ் இஸ்..."

வராது, அந்த நாக்குக்கு வராது என்று நினைத்துக்கொண்டார் ஐயாசாமி.

"ஏனுங்க அம்மணி" என்றார் அப்புசாமி, "இவரு பேரு என்னுங்க?"

வகுப்பு சிரித்தது. "ஒரே ஊருன்னு சொன்னீங்களே ஐயா?" என்றாள் ரித்திகா.

"ஒரே ஊருதானுங்க. ஒண்ணாத்தான் மாடு மேச்சோம். எங்கூட்டுல ஒரு பேரு சொல்லிக் கூப்பிடுவோம். அதை இங்க சொல்லக் கூடாதுங்க. இவரோட சொந்தப் பேரு... நான் கேட்டதே இல்லீங்க."

சிரிப்பு நின்றது. ரித்திகா பதிவேட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"திஸ் இஸ் ஐயாசாமி" என்றார் அப்புசாமி. "ஹி யூஸ்டு டு வாக் பிஹைண்ட் மை புல்லக் கார்ட்." தலை நிமிராமல் உட்கார்ந்தார்.

ஏங்கிய பேர் வந்துவிட்டது. உப்பில்லாமல் வந்தது. தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறார் என்றுதான் இத்தனை காலம் கறுவிக்கொண்டிருந்தார் ஐயாசாமி. தெரியவே தெரியாதாம்.

"கூட வளந்தவன் பேரைக் கேக்காமயே ஒரு மனுசன் இருந்துபோட முடியுமா அம்மணி?" குரல் தெருமுனைக் கூட்டத்துக்குப் போய்விட்டது. "இதுக்கு இங்கிலீஷ்ல என்ன போடுவீங்க?"

ரித்திகா வாசலைப் பார்த்தாள். நல்லவேளையாக டீ வந்தது.

"ஐயா, நீங்கதான் கடைசி. உங்களுக்குப் பக்கத்துல ஆளில்லை. டீ கொண்டாந்தவங்களையே அறிமுகம் பண்ணுங்களேன்."

ஐயாசாமி டம்ளரும் கையுமாக, நெஞ்சை நிமிர்த்தி எழுந்தார். "திஸ் இஸ்..."

திறந்த வாய் திறந்தபடி நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. அப்புசாமியும் சிரிக்கவில்லை. 'அது வேற, இது வேற' என்று மனசுக்குள் ஒரு நோட்டீஸ் எழுதிப் பார்த்தார் ஐயாசாமி. இரண்டாவது வரி வரவில்லை.

கடைசியில் அவள்தான் உதவிக்கு வந்தாள். "பரவால்லீங்க. புள்ளேன்னே சொல்லுங்க. பழகிப்போச்சு."

ஐயாசாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்க பேரு என்னுங்க அம்மணி?"

டீ கொண்டுவந்தவர் மெல்லச் சொன்னார்.

ஐயாசாமி வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். மைக் இல்லாத மேடையில் பேசிப் பழகிய குரலில், வாசலுக்கு வெளியிலும் கேட்கும்படி சொன்னார்:

"திஸ் இஸ் அன்புக்கரசி."