வீட்டுப் பெரியவர்

அவன் உட்காரவே இல்லை.

சொந்த வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை.

பாயில் மாப்பிள்ளை வீட்டார். வீட்டில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் ஆறுச்சாமி. மாடியில் குடியிருப்பவர். உறவும் இல்லை, ஒட்டும் இல்லை.

நேற்று மாலை அவருடைய கதவைத் தட்டினான். அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள், பெரியவர் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு ஆள் இல்லை என்றான். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தாய்மாமன் இருக்கிறார். பேச்சுவார்த்தைதான் இல்லை.

"எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். வெள்ளை வேட்டி கட்டி, சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்தத் தைரியத்தில் அவன் ஓடிக்கொண்டிருந்தான். முறுக்குத் தட்டை நீட்டினான். காபி கொண்டுவந்தான். காலியான தம்ளர்களை எடுத்தான். கால் நிற்காமல் இருந்தால் யாரும் நம்மை எதுவும் கேட்க மாட்டார்கள் என்று ஒரு கணக்கு.

அங்கேதான் தப்பு செய்தான். தம்ளரைத் தூக்கிக்கொண்டு அலைகிறவனை எவன் வீட்டுக்காரன் என்று நினைப்பான்? மாப்பிள்ளையின் அப்பா பேசியதெல்லாம் ஆறுச்சாமியிடம். அவனிடம், "தம்பி, ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வை" என்றதோடு சரி.

பெண்ணைப் பிடித்துவிட்டது. ஜாதகமும் பொருந்திவிட்டது.

பிறகு அந்தப் பேச்சு வந்தது.

"ஒண்ணே ஒண்ணுங்க. கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு வேலைக்குப் போக வேண்டாமுங்க. எங்க வீட்டுல அந்தப் பழக்கமில்லை."

அவன் கையில் தட்டு அப்படியே நின்றது.

காலையில்தான் அக்கா சொல்லியிருந்தாள். தலையில் பூ வைத்துக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்தபடி. வேலையை விடச் சொன்னால் இந்தச் சம்பந்தம் வேண்டாம். அதை நீதான் சொல்ல வேண்டும். அவன் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினான்.

ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. அதுதான் இருவருக்கும் சோறு போட்டது. அவனை டிப்ளமோ முடிக்க வைத்ததும் அதுதான். அதைவிட, அவளுக்கு அந்த வேலை பிடிக்கும். மைக்ராஸ்கோப்பில் அன்று எதைப் பார்த்தாள் என்று ராத்திரிச் சோற்றின் முன்னால் விவரமாகச் சொல்லி அவன் சாப்பாட்டைக் கெடுப்பாள்.

எல்லோரும் ஆறுச்சாமியைப் பார்த்தார்கள்.

அவர் அவனைப் பார்த்தார்.

நல்ல இடம். சொன்னால் கெட்டுவிடும். சொல்லாவிட்டால் அக்கா.

"பாத்துக்கலாமுங்க" என்றது அவன் வாய்.

மாப்பிள்ளையின் அப்பா முகம் மலர்ந்தது. சம்பந்தம் பேசுகிற இடத்தில் பெண் வீட்டுக்காரன் பார்த்துக்கலாம் என்றால் சரி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அது அவனைத் தவிர அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் வெற்றிலைத் தட்டை முன்னால் இழுத்தார்.

ஆறுச்சாமி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"தம்பி, உன்ற அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வா. நாங்க காபி குடிச்சுட்டு இருக்கறோம்."

அவ்வளவுதான்.

அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அவனுக்குப் பதிலாகப் பேசவும் இல்லை. கொட்டிவிட்ட வார்த்தையை அள்ளிக்கொள்ள ஒரு வழி விட்டார்.

அவனுக்குக் கண் கலங்கியது. அப்பா போன பிறகு பொறுப்பாக இரு, தைரியமாக இரு என்று சொல்லாதவர்கள் இல்லை. எப்படி என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கையில் முறுக்குத் தட்டு.

தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனான்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முதலில் அவனை முறைத்தாள். பிறகு மெதுவாக, இல்லை என்று தலையாட்டினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அவன் வெளியே வந்து பாயில் உட்கார்ந்தான்.

"அக்கா வேலையை விட மாட்டாங்க. நானும் விடச் சொல்ல மாட்டேனுங்க."

குரல் நடுங்கியது. நடுங்கட்டும், சொல்லிவிட்டான்.

மாப்பிள்ளையின் அப்பா நாற்காலிப் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, பெரியவங்க நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"வீட்டுப் பெரியவர் சொல்லிட்டாருங்களே" என்றார் ஆறுச்சாமி.

அவனைத்தான். அவன் காது சுட்டது.

அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். சொல்லி அனுப்பப்போவதில்லை என்று அவனுக்கும் புரிந்தது. வெற்றிலைத் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே அக்கா பாத்திரங்களை உருட்டத் தொடங்கினாள்.

வாசலில் மாப்பிள்ளை மட்டும் ஷூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து வாய் திறக்காத மனிதர். அப்பா கார் வரை போய்விட்டாரா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அவங்களுக்கு எந்தக் கிழமை லீவுங்க?"

ஞாயிறு. அவனுக்குத் தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

திரும்பி ஆறுச்சாமியைப் பார்த்தான். அவர் எப்போதோ காலியாகிவிட்ட தம்ளரில் ரொம்ப அக்கறையாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"இருங்க. அக்காவைக் கேட்டுட்டு வரேனுங்க" என்றான்.

உள்ளே பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.